கடல் கடந்தும் தொடர்ந்த கடன்

வங்கிப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரில் வசிக்கும் எங்கள் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் ஜப்பான், கொரியா கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். இனி மறுக்கக் கூடாது" என்றாள். நூறு பேருக்குச் சற்று அதிகமானோர் மட்டுமே பயணம் செய்யும் சிறிய கப்பல் அது. பெரிய கப்பல்கள் அணுக முடியாத சிறு துறைமுகங்களிலும் நிற்கும். இறங்கிச் சென்று பழைய ஆலயங்களை வழிகாட்டியின் துணையோடு தரிசிக்கலாம். பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை. முழங்கால் வலியோடு நடமாடும் எங்களுக்கு இதுவே ஏற்றது என்று அவள் கருதியிருந்தாள்.

பயண நாள்களைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது என் மனம் துணுக்குற்றது. கப்பலில் ஏறிய ஏழாம் நாள் பங்குனி மாதத் தேய்பிறை தசமி. அது என் தாயாரின் திதி.

அந்தத் திதிக்கு ஒரு கதை உண்டு. அப்போது நான் வெளியூர்க் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தேன். மார்ச் 31, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். அன்று காலை ஊரிலிருந்து தம்பி அழைத்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அண்ணா. உன்னையே கேட்கிறாள்" என்றான். "கணக்கை முடித்துவிட்டு இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்" என்றேன். சொன்னபடி இரண்டு நாளில் சென்றேன். நான் தெருமுனையில் இறங்கியபோது வீட்டு வாசலில் ஆள்கள் கூடியிருந்தார்கள்.

அம்மாவுக்கு வாழ்நாளெல்லாம் ஓர் ஆசை இருந்தது. ராமேஸ்வரம் சென்று சேதுவில் நீராடி, ராமநாத சுவாமியைத் தரிசிக்க வேண்டும் என்பதே அது. அதற்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து சுவாமி படத்தின் கீழ் வைத்திருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் நான் ஏதேனும் ஒரு காரணம் சொல்வேன். ஓர் ஆண்டு இடமாற்றம்; மறு ஆண்டு தணிக்கை; அதற்கடுத்த ஆண்டு பிள்ளைகளின் தேர்வு. அவள் ஒருமுறைகூடக் கோபித்ததில்லை. "உனக்கு ஒழியும்போது போகலாம்ப்பா. சாமி எங்கே ஓடிவிடப் போகிறார்" என்பாள். அவள் மறைவுக்குப் பின் அந்த முடிச்சு என் வீட்டுப் பூஜை அறைக்கு வந்தது. அவள் இல்லாமல் அந்தச் சந்நிதியில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நாள்கள் ஓடின. திதியை மட்டும் ஓர் ஆண்டும் தவறவிட்டதில்லை.

எங்கள் குடும்பப் புரோகிதரிடம் சென்று நிலைமையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கப்பலில் முறைப்படி சிராத்தம் செய்ய இயலாது. அன்று ஒரு வேளை மட்டும் உண்டு, தெற்கு நோக்கித் தாயாரை நினைத்து வணங்குங்கள். ஊர் திரும்பியதும் வருகிற அமாவாசையில் குறைவின்றிச் செய்துவிடலாம்" என்றார். மனம் முழுமையாக ஒப்பாமலேயே புறப்பட்டேன்.

கோபே துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். ஜப்பானின் பெருந்தீவுகளுக்கு நடுவே அமைந்த உள்நாட்டுக் கடல் வழியாகப் பயணம். அலை அதிகமில்லை. இரு புறமும் பச்சைத் தீவுகள்; கரையோரங்களில் மலர்ந்திருந்த செர்ரி மரங்கள். மூன்றாம் நாள் மியாஜிமா தீவை அடைந்தோம்.

அங்குள்ள இட்சுகுஷிமா ஆலயம் கடலுக்குள்ளேயே கட்டப்பட்டது. தீவு முழுவதுமே தெய்வம் என்று கருதியதால், மண்ணைத் தோண்டாமல் நீரின்மேல் எழுப்பினார்களாம். இன்றைய அமைப்பை 1168இல் தைரா குலத் தலைவர் கியோமோரி உருவாக்கினார். ஆலயத்துக்கு முன்னே கடலில் செந்தூர நிறத்தில் ஒரு பெரிய வாயில் நிற்கிறது. அவர்கள் அதனைத் தோரீ என்கிறார்கள். நம் கோயில் தோரணவாயிலே நினைவுக்கு வந்தது. உயரம் 16 மீட்டருக்கு மேல். முதன்மைத் தூண்கள் இரண்டும் கற்பூர மரத்தால் ஆனவை. ஆழமாகப் புதைக்கப்படாமல், தன் எடையாலேயே 1875 முதல் அலையிலும் புயலிலும் நிற்கிறது. அந்த எடைக்காக மேல் உத்தரத்தின் உட்புறத்தில் கற்களை நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஆலயத்தை அடுத்துத் தைகாஞ்சி என்னும் கோயில் இருக்கிறது. அங்கே எழுந்தருளியிருப்பவள் பென்ஸாய்தென். நம் சரஸ்வதி தேவியே பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பான் சென்று இப்பெயர் பெற்றாள். கையில் வீணையை ஒத்த நரம்பு வாத்தியத்தோடு அவளைச் சித்திரிப்பதுண்டு. முன்பு கடல் ஆலயத்திலேயே வணங்கப்பட்டவள். 1868இல் ஷிண்டோ ஆலயங்களையும் பௌத்த ஆலயங்களையும் அரசு பிரித்தபோது இங்கே வந்தாள். மூடிய சந்நிதியின் முன் என் மனைவி கைகூப்பி, தனக்குத் தெரிந்த சரஸ்வதி துதியை மெல்லச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஜப்பானிய மூதாட்டி ஒருவர் தாமும் கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டார்.

தீவின் நடுவே உயர்ந்து நிற்பது மிசென் சிகரம். சீனத்தில் மந்திர சாஸ்திரம் பயின்று 806இல் நாடு திரும்பிய குகாய் என்னும் மகான் அங்கே தவமிருந்து அக்கினி வளர்த்தார் என்றும், அந்த அக்கினி 1200 ஆண்டுகளாக அணையாமல் காக்கப்படுகிறது என்றும் அவ்வூர் மரபு கூறுகிறது. அவருடைய ஷிங்கோன் மரபினர் செய்யும் அக்கினி வழிபாட்டின் பெயர் கோமா. நம் 'ஹோமம்' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. என் முழங்கால்கள் இடம் தராததால் சிகரத்துக்குச் செல்ல இயலவில்லை. ஆயினும் மறுநாள் ஹிரோஷிமாவில் அந்த அக்கினியின் ஒரு பொறியைக் கண்டேன். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீழ்ந்த அந்நகரின் அமைதிப் பூங்காவில் 1964 முதல் ஒரு தீபம் எரிகிறது. அதை ஏற்றுவதற்குப் பெற்ற நெருப்புகளில் மிசென் மலையின் அக்கினியும் ஒன்று. உலகில் அணு ஆயுதங்கள் ஒழியும்வரை அது எரியுமாம். தீபத்தின் முன் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகத் தலை குனிந்து நின்றார்கள். எங்களுக்கும் பேச்சு எழவில்லை.

ஹிரோஷிமாவை விட்டு மேற்கே சென்ற கப்பல், கான்மோன் ஜலசந்தியைக் கடந்தது. கரைகள் இரண்டும் மிக நெருங்கி வருகிற இடம் அது. அங்கேதான் 1185இல் தைரா குலத்தார் கடற்போரில் அழிந்தார்கள். சிறுவனான சக்கரவர்த்தி அந்தோகுவை அவனுடைய பாட்டி அணைத்துக்கொண்டு கடலில் குதித்தாள் என்று வரலாறு சொல்கிறது. அந்தப் பாட்டி கியோமோரியின் மனைவி. கடலில் ஆலயம் எழுப்பிய பதினேழாம் ஆண்டில் அவர் குலம் கடலிலேயே முடிந்தது. மேல்தளத்தில் நின்று அந்த நீர்ச்சுழல்களைப் பார்த்தவாறே, அந்தக் குழந்தைக்கு யார் திதி கொடுத்திருப்பார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. வழிகாட்டியிடம் கேட்டோம். ஜலசந்தியின் கரையிலேயே அந்தோகுவுக்கு ஆலயம் இருப்பதாகவும், மக்கள் அவனை இன்றும் வணங்குவதாகவும் அவர் கூறினார்.

ஐந்தாம் நாள் ஹாகி என்னும் சிற்றூர். அதை ஆண்ட மோரி குலத் தலைவர்களின் சமாதிகள் தோகோஜி கோயிலில் இருக்கின்றன. அவற்றின் முன்னே ஏறத்தாழ 500 கல் விளக்குகள் பாசி படர்ந்து வரிசை வரிசையாக நிற்கின்றன. அரசர்கள் மறைந்தபோது அவர்களுடைய சேவகர்கள் காணிக்கையாக வைத்தவை. ஆகஸ்ட் மாதத்தில் ஓபோன் என்னும் முன்னோர் பண்டிகையின்போது அவ்விளக்குகள் அனைத்தையும் ஏற்றுவார்களாம்.

ஓபோன் என்பது நம் மகாளயபட்சத்தைப் போன்றது. அந்நாள்களில் முன்னோர் வீட்டுக்கு வருகிறார்கள் என்று நம்பி, வரவேற்கத் தீ மூட்டி, உணவு படைத்து, பிறகு வழியனுப்புகிறார்கள். இதற்கு மூலமான கதையை வழிகாட்டி சொன்னார். புத்தரின் சீடரான மௌத்கல்யாயனர், மறைந்த தம் தாயார் எங்கே இருக்கிறார் என்று ஞானதிருஷ்டியால் நோக்கினார். அவள் பசித்த பேயுருவில் வாடுவதைக் கண்டார். ஒரு பாத்திரத்தில் சோறு கொடுத்தார். வாயருகே சென்றதும் அது தணலாயிற்று. கதறியபடி புத்தரிடம் ஓடினார். மழைக்காலத் தவம் முடிக்கும் துறவியர் அனைவருக்கும் தாயின் பெயரால் அன்னமிடுமாறு புத்தர் பணித்தார். அவ்வாறே செய்ய, தாய் அத்துன்பத்திலிருந்து விடுபட்டாள். ஞானதிருஷ்டி பெற்ற மகனாலும் தனியே தாயின் பசியைத் தீர்க்க முடியவில்லை என்ற இடத்தில் என் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அவ்வூரிலேயே மற்றொரு சிறு கோயிலின் மயானத்தில், கல்லறைகளின் பின்னே உயரமான மெல்லிய மரப்பலகைகள் செருகி வைக்கப்பட்டிருந்தன. இறந்தவரின் நினைவுநாள் தோறும் பிள்ளைகள் இவற்றை வைப்பார்களாம். மேலே எழுதியிருந்த எழுத்துகள் ஜப்பானிய எழுத்துகளைப் போலத் தோன்றவில்லை. விசாரித்தபோது அவை சித்தம் என்னும் பழைய லிபியில் எழுதிய சம்ஸ்கிருத பீஜாட்சரங்கள் என்று தெரிந்தது. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் ஆகிய ஐந்து பூதங்களுக்கு உரியவை. நம் நாட்டிலேயே வழக்கொழிந்த லிபி, கடலுக்கு அப்பால் ஒரு தாய்க்கோ தந்தைக்கோ மகன் வைத்த பலகையில் இன்னமும் வாழ்கிறது.

ஹாகியில் செய்யப்படும் மண்பாண்டங்கள் புகழ் பெற்றவை. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவின்மீது போர் தொடுத்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள் தொடங்கிய கலை அது. பெற்றோரையும் ஊரையும் பிரிந்து வந்த அவர்கள், தாம் வனைந்த கிண்ணங்களில்தான் தம் நாட்டை நினைத்திருப்பார்கள் போலும். அந்தக் குயவர்கள் வந்த கடலைத்தான் எங்கள் கப்பல் எதிர்த்திசையில் கடந்தது.

ஏழாம் நாள் விடியலில் கொரியாவின் உல்சான் துறைமுகம். தசமி. குளித்து, நெற்றியில் நீறு பூசி, மேல்தளத்தில் தெற்கு நோக்கி நின்றேன். கடலின்மேல் மூடுபனி. தம்பி ஊரில் அன்று சிராத்தம் செய்துகொண்டிருப்பான். மூத்த மகனான நான் அயல்நாட்டில் கப்பல்மேல் நிற்கிறேன். அம்மாவின் பெயரைச் சொல்லும்போதே நா தழுதழுத்தது.

அன்று காலை எங்களைக் கியோங்ஜு நகருக்கு அழைத்துச் சென்றார்கள். சில்லா அரசின் பழைய தலைநகரம் அது. முதலில் புல்குக்சா ஆலயம். 1593இல் அதே போரில் ஜப்பானியப் படையினர் எரித்ததால் மரக்கட்டடங்கள் யாவும் பிற்காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டவை. கற்படிகளும் இரு கற்கோபுரங்களும் பழையவை. பிறகு தோஹம் மலைமேல் சொக்குராம் குகைக் கோயில். மரங்கள் அடர்ந்த பாதையில் மெல்ல நடந்தோம். கருங்கல் பாளங்களை அடுக்கிச் செய்த குகை அது. கிழக்குக் கடலை நோக்கி அமர்ந்த புத்தர் சுமார் மூன்றரை மீட்டர் உயரம். சுற்றுச் சுவரில் சீடர்களோடு பிரம்மாவும் இந்திரனும்கூடச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் தரிசிக்க முடியும். அந்த முகத்தின் அமைதியை எழுத எனக்குச் சொல் போதாது.

இவ்விரு ஆலயங்களும் எழுந்த வரலாற்றை எங்கள் கொரிய வழிகாட்டிப் பெண்மணி சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி எழுதிய 'சாம்குக் யுசா' நூலில் அது இருக்கிறது. தேசொங் என்னும் ஏழைச் சிறுவன் தன் தாயோடு வாழ்ந்தான். கூலியாகக் கிடைத்த சிறு நிலமே அவர்களுடைய சொத்து. கோயிலுக்குத் தானம் கொடுத்தால் பதினாயிரம் மடங்காகத் திரும்பும் என்று ஒரு துறவி சொல்லக் கேட்டு, "முற்பிறவியில் நாம் ஒன்றும் கொடுக்கவில்லை போலும், அதனால்தான் இந்த வறுமை. இந்த நிலத்தைக் கொடுத்துவிடலாம் அம்மா" என்றான். தாய் தயங்காமல் கொடுத்தாள். சில நாள்களில் அவன் இறந்துபோனான். அதே நேரத்தில் அமைச்சர் ஒருவர் வீட்டில், தேசொங் அங்கே பிறப்பான் என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்டது. பிறந்த குழந்தை இடக்கையை ஏழு நாள்கள் மூடியே வைத்திருந்தது. கை திறந்தபோது உள்ளே பொன்தகட்டில் அவன் பெயர் இருந்தது. அமைச்சர் அந்த ஏழைத் தாயைத் தேடி அழைத்துவந்து தம் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். வளர்ந்து தானும் அமைச்சனான கிம் தேசொங், 751இல் தொடங்கி, இப்பிறவிப் பெற்றோருக்காகப் புல்குக்சாவையும், முற்பிறவிப் பெற்றோருக்காகச் சொக்குராமையும் கட்டினான்.

கதையைக் கேட்டு நான் அங்கேயே ஒரு கல்லில் அமர்ந்துவிட்டேன். கையிலிருந்த ஒரே நிலத்தை மகன் கேட்டதும் கொடுத்தாள் ஒரு தாய். அவளுக்காக மறுபிறவியிலும் கல்லால் கோயில் எழுப்பினான் மகன். நானோ இப்பிறவித் தாய்க்கு இரண்டு நாள் கொடுக்க முடியாதவன். கடன் வாங்கித் தவணை கேட்டு வருவோரை முப்பது ஆண்டுகள் என் மேசைக்கு எதிரே அமர்த்திப் பேசியிருக்கிறேன். "சார், இந்த ஒரு மாதம் பொறுங்கள்" என்பார்கள். வாராக் கடன் என்று எத்தனையோ கணக்குகளைக் குறித்திருக்கிறேன். அம்மாவிடம் ஆண்டுக்கு ஆண்டு தவணை கேட்டுக்கொண்டே இருந்த கடனாளி நான்தான் என்பது அந்த மலைமேல்தான் எனக்கு விளங்கியது.

வழிகாட்டிப் பெண்மணி அருகில் வந்து, உடல்நலம் இல்லையா என்று கேட்டார். இன்று என் தாயாரின் நினைவுநாள் என்றேன். "நாள் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?" என்றார். சந்திரனை வைத்து என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அவருடைய பாட்டிக்கும் சந்திர நாள்காட்டியின்படியே நினைவுநாள் வருகிறதாம்; சோறும் பழமும் படைத்து, மூத்த மகன் விழுந்து வணங்க வேண்டுமாம். "நாள் தள்ளிப் போனால் என் அப்பா இரவெல்லாம் தூங்கமாட்டார்" என்றார். அன்று நான் உண்ட ஒரு வேளை, கோயில் முறையில் சமைத்த உணவு. அங்குள்ள துறவியர் சமையலில் மாமிசம் கிடையாது. நம் விரத நாள்களைப் போலவே பூண்டும் வெங்காய வகையும் சேர்ப்பதில்லை. திதி நாளுக்குப் பொருத்தமான உணவு, கேட்காமலே எங்களுக்குக் கிடைத்தது.

இரவு கப்பல் பூசானை நோக்கிச் சென்றபோது மனைவி சொன்னாள்: "என்னங்க, அமாவாசைக்கு வீட்டில் வேண்டாம். ராமேஸ்வரத்தில் செய்துவிடுவோம். அத்தையின் அந்த முடிச்சையும் எடுத்துக்கொண்டு போவோம்." இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லக் கூசியதை அவள் சொல்லிவிட்டாள்.

பூசானுக்கு அருகில் உள்ள கிம்ஹேயில் ஓர் அரசியின் சமாதியைக் கண்டதோடு எங்கள் பயணம் நிறைவுற்றது. ஆயுதா என்னும் நாட்டிலிருந்து 48ஆம் ஆண்டில் கப்பலில் வந்து மன்னர் கிம் சுரோவை மணந்த ஹோ ஹ்வாங் ஓக் என்று அவளை அதே 'சாம்குக் யுசா' கூறுகிறது. அவளுடைய குடிப்பெயர் அழியாதிருக்க, மகன்களில் இருவருக்கு மன்னர் அதனைச் சூட்டினார் என்பது மரபு. அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் இன்றும் கொரியாவில் வாழ்கிறார்கள்.

ஊர் திரும்பினோம். அமாவாசையன்று விடியற்காலையில் ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தத்தில் நீராடி, அம்மாவுக்கு உரியதை முறைப்படி செய்தேன். கோயிலினுள் 22 தீர்த்தங்களிலும் அவள் பெயரைச் சொல்லியே நீர் ஏற்றேன். ராமநாத சுவாமி சந்நிதியில் அந்த மஞ்சள் துணியை முதன்முறையாக அவிழ்த்தேன். உள்ளே ஏழு ஒற்றை ரூபாய் நாணயங்களும் சில நாலணாக் காசுகளும் இருந்தன. நாலணாக் காசுகள் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதவை ஆகிவிட்டன. வங்கியில் இருந்தவன் என்பதால் அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் தாமதித்த காலத்தில் அம்மாவின் காசே செல்லாக்காசாகிவிட்டது. கை நடுங்க அவற்றை உண்டியலில் இட்டேன். அந்த ஒருவனுடைய கணக்கில் அவை செல்லும் என்று நம்புகிறேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் தாயோ தந்தையோ முடிந்து வைத்த மஞ்சள் முடிச்சு ஒன்று இருக்கக்கூடும். இருந்தால், அடுத்த அமாவாசைக்குள் அதை உரிய சந்நிதியில் சேர்த்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் யாத்திரைக்கு அழைத்தால் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லாமல் புறப்படுங்கள். நாளை அவர்கள் என்னைப்போல் வருந்த வேண்டியிராது. சாமி எங்கும் ஓடிவிடமாட்டார். அம்மா சொன்னது மெய்தான். காத்திருக்க முடியாதவர்கள் நாம்தான்.